அன்றாட ஒப்பனையை விரைவாக முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ கல்லூரிக்கோ கிளம்பும் காலை வேளையில் செய்துகொள்ளும் எளிய ஒப்பனையைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இங்கே விடை சொல்லப்படுகிறது. விழாவுக்கும் மேடைக்கும் செய்யும் ஒப்பனைக்கு நிதானம் வேண்டும். அதைச் சுருக்கும் வழிகளை இங்கே தேட வேண்டாம்.

எளிய ஒப்பனைக்கே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அந்த நேரம் எங்கேதான் போகிறது?

இதற்கு விடை காண, மூன்று நாட்கள் கைபேசியின் நேரக்கணிப்பானை ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்த நேரத்தையும் கீழே வைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பூசுவதற்கென்று கை உழைக்கும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது அப்போது தெரியவரும். மீதி நேரத்தை எடுத்துக்கொள்பவை, எந்த நிறத்தைப் போடுவது என்று யோசிப்பதும், பையின் அடியில் பென்சிலைத் தேடுவதும், ஒன்று காயட்டும் என்று சும்மா நிற்பதும், கோணலாகப் போனதைத் துடைத்து மறுபடி போடுவதும்தான். இவற்றுள் மிக அதிகமாக நேரத்தைத் தின்பது கடைசியாகச் சொன்ன திருத்தல் வேலை என்பது என் அனுபவம், ஏனென்றால் கண்ணோரத்தில் ஒரு கோட்டைத் துடைத்தால் அதற்கு அடியில் கருமையை மறைக்கப் பூசிய கன்சீலரும் சேர்ந்து போய்விடும், பிறகு இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். ஆகவே கையை வேகப்படுத்த முயல வேண்டாம். கை வேகமானால் பிழை கூடும், பிழை கூடினால் திருத்தம் கூடும். யோசனையையும் தேடலையும் திருத்தத்தையும் குறைத்தால் வேகம் தானே வரும். இனி வரும் விடைகள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

எந்தப் பொருள்களை வைத்துக்கொள்வது, எவற்றை விட்டுவிடுவது?

முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஏதாவது ஒரு பொருளைப் போட்டுவிட்டு, கண்ணாடியிலிருந்து இரண்டு எட்டு பின்னால் நின்று பாருங்கள். எதிரில் நின்று பேசுபவர் உங்களைப் பார்ப்பது ஏறக்குறைய அந்தத் தொலைவிலிருந்துதான். இரு பாதிகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால், அந்தப் பொருளை அன்றாடப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இப்படிச் சோதித்தால் பலருக்கும் முதலில் விலகுபவை ஒப்பனைக்கு அடித்தளமாகப் பூசும் பிரைமர், கன்ன எலும்பை எடுத்துக்காட்டும் கான்டூர், மினுமினுப்புக்கான ஹைலைட்டர், மூன்று நான்கு நிறம் கலக்கும் ஐஷேடோ ஆகியவை. நிலைத்து நிற்பவை, சருமத்தின் நிறத்தை ஒரே சீராக்கும் ஃபவுண்டேஷன் போன்ற ஏதாவது ஒன்று, புருவத்துக்கு ஒன்று, இமைமுடிக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று. கன்னத்துச் சிவப்பான பிளஷ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; உதட்டுக்குப் போடும் நிறத்தையே கன்னத்திலும் தொட்டுத் தேய்ப்பவர்களுக்கு அது தனிப்பொருளாகவே தேவையில்லை.

இந்தச் சோதனையை அவரவர் முகத்தில்தான் செய்ய வேண்டும். புருவம் இயல்பாகவே அடர்த்தியாக உள்ளவர் புருவப் பென்சிலுக்கு ஒரு நிமிடம் செலவிடத் தேவையில்லை; அந்த நிமிடம் கண்ணடிக் கருமை உள்ளவருக்கு வேறிடத்தில் உதவும்.

ஏழு நிமிடங்களில் முடிக்க எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

ஏழு நிமிடக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். முகம் கழுவியதும் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன், உதட்டுக்கு லிப் பாம் என மூன்றையும் பூசிவிட்டு, ஒப்பனை மேசைக்கு வராமல் தலை வாரவும் உடை மாற்றவும் போய்விடுங்கள். சன்ஸ்கிரீன் படிவதற்கும் உதடு மென்மையாவதற்கும் தேவையான நேரம் அந்த வேலைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தலைவழியாக அணியும் உடையை ஒப்பனைக்கு முன்பே அணிந்துவிடுவதால் கழுத்துப்பட்டியில் ஃபவுண்டேஷன் ஒட்டும் தொல்லையும் இல்லை.

திரும்பி வந்து அமர்ந்ததும் ஃபவுண்டேஷனுக்கும் கன்சீலருக்கும் சேர்த்து இரண்டு நிமிடம், கிரீம் வடிவிலான பிளஷ்ஷுக்கு அரை நிமிடம், எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, முகவாய் ஆகியவற்றில் மட்டும் பவுடர் ஒற்ற அரை நிமிடம், புருவத்துக்கு ஒரு நிமிடம், கண் கோட்டுக்கு ஒரு நிமிடம், இமைமுடியைச் சுருட்டி மஸ்காரா போட ஒன்றரை நிமிடம், உதட்டிலிருந்து லிப் பாமை ஒற்றி எடுத்துவிட்டு நிறம் பூச அரை நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஏழு. கிரீம் வகைகளெல்லாம் பவுடருக்கு முன்பே வந்துவிட்டதைக் கவனியுங்கள்: பவுடர் படிந்த சருமத்தின் மேல் கிரீமைத் தேய்த்தால் அது திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும், அதைச் சரிசெய்ய இன்னும் மூன்று நிமிடம் போகும்.

அடர்நிற ஐஷேடோ போடும் நாட்களில் மட்டும் கண்ணை முதலில் முடித்துவிடுங்கள். கன்னத்தில் உதிரும் தூளை, ஃபவுண்டேஷன் இல்லாத வெறும் சருமத்திலிருந்து ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம்.

வரிசை எதுவாக இருந்தாலும் அதை நாள்தோறும் மாற்றாமல் இருப்பது முக்கியம். ஒரே வரிசையில் சில வாரங்கள் செய்தால், அடுத்தது என்ன என்று மனம் கேட்பதற்கு முன்பே கை அந்தப் பொருளை எடுத்துவிடும்.

ஃபவுண்டேஷனிலேயே வெயில் பாதுகாப்பு (எஸ்.பி.எஃப்.) இருக்கிறது. சன்ஸ்கிரீனைத் தவிர்த்து நேரத்தை மிச்சப்படுத்தலாமா?

வேண்டாம். இந்தப் பட்டியலில் குறைக்கவே கூடாத ஒன்று என்று நான் கருதுவது இதைத்தான். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் சருமத்துக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதிக்கப்படுவது. அந்த அளவு ஃபவுண்டேஷனை எவரும் முகத்தில் பூசுவதில்லை. பூசினால் முகமூடி போலத் தெரியும். சிறிதளவு பூசும்போது கிடைக்கும் பாதுகாப்பு, அச்சிட்ட எண்ணைவிட மிகக் குறைந்துவிடுகிறது. எஸ்.பி.எஃப். 30 என்பது சரியான அளவில் பூசினால் சருமத்தைச் சிவக்கச் செய்யும் யுவிபி என்னும் புற ஊதாக் கதிர்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தையும், 50 என்பது ஏறக்குறைய 98 சதவீதத்தையும் தடுக்கும் என்பதால், பெரிய எண்ணைத் தேடுவதைவிடப் போதுமான அளவு பூசுவதே மேலானது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்த விரும்பினால் ஃபவுண்டேஷனைத்தான் விட வேண்டும். சற்றே நிறம் கலந்த சன்ஸ்கிரீனை முழு அளவில் பூசிவிட்டால், பலருக்கு அதன் மேல் ஆங்காங்கே கன்சீலர் ஒற்றுவதே போதுமானதாக இருக்கிறது. பொதுவாக வெயிலில் இறங்குவதற்கு 15 நிமிடங்கள் முன்பு பூச வேண்டும் என்றும், வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

ஃபவுண்டேஷன் பூசும்போது அழிப்பான் தூள் போல உருண்டு உருண்டு வருகிறது. ஏன்?

இது ஒன்று நேர்ந்தாலே அன்றைய காலைக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். சன்ஸ்கிரீன், ஜெல் வகை மாய்ஸ்சரைசர் போன்றவை காயும்போது சருமத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் முழுமையாகப் படிவதற்குள் அடுத்ததை வைத்துத் தேய்த்தால் அது சருமத்திலிருந்து பெயர்ந்து சுருண்டுவிடுகிறது. ஆக, முதல் காரணம் அவசரம். இரண்டாவது காரணம் அளவு: மாய்ஸ்சரைசரைத் தேவைக்கு மேல் பூசினால் அதில் ஒரு பகுதி உள்ளிறங்காமல் மேலேயே மிதக்கும். மூன்றாவது, ஒன்றோடொன்று ஒட்டாத வகைகள். சிலிக்கோன் மிகுந்த ஒன்றின் மேல் நீர் மிகுந்த ஒன்றைப் பூசும்போது இரண்டும் கலக்காமல் விலகி நிற்கக்கூடும். மூலப்பொருள் பட்டியலின் முதல் சில பெயர்களில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்றவை இருந்தால் அது சிலிக்கோன் மிகுந்தது என்று கொள்ளலாம்.

முகத்தில் சோதித்து ஏமாறுவதைவிட, விடுமுறை நாளில் புறங்கையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித் தேய்த்துப் பாருங்கள். அங்கே உருண்டால் முகத்திலும் உருளும். காலையில் ஏற்கெனவே உருண்டுவிட்டது என்றால் மேலும் தேய்க்காமல், உலர்ந்த மெல்லிய தாளால் துகள்களைத் தட்டி எடுத்துவிட்டு, ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றி மட்டும் வைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

விரல், பிரஷ், ஸ்பாஞ்ச் ஆகியவற்றில் எது விரைவானது?

கிரீம் வகைகளுக்கு விரல்தான். உடல் வெப்பத்தில் கிரீம் இளகிச் சருமத்தோடு எளிதில் கலந்துவிடுகிறது. கழுவி வைக்க வேண்டிய கருவியும் ஒன்று குறைகிறது. கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முகம் முழுவதும் ஃபவுண்டேஷன் பூசுபவர்களுக்கு அடர்த்தியான முடிகள் கொண்ட பெரிய பிரஷ் நேரத்தைக் குறைக்கும். ஸ்பாஞ்ச் தரும் இயல்பான தோற்றம் மற்றவற்றில் கிடைப்பது அரிது என்றாலும், அதை நனைத்துப் பிழிந்து பயன்படுத்தி, பின் கழுவி உலரவைக்க வேண்டும். நனைக்காமல் பயன்படுத்தினால் அது ஃபவுண்டேஷனை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் இன்னும் என்று கேட்கும்.

முகம் முழுவதும் ஃபவுண்டேஷன் பூசித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. பெரும்பாலான முகங்களில் நிறம் சீரற்றுத் தெரிவது மூக்கின் இரு பக்கங்களிலும், வாயோரங்களிலும், கண்ணுக்குக் கீழும்தான். அங்கே மட்டும் வைத்து, ஓரங்களை வெறும் விரலால் தேய்த்துச் சருமத்தோடு கரைத்துவிட்டால், கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் ஒத்துப்போகவில்லையே என்ற கவலையும் பாதி தீர்ந்துவிடும்.

கண்ணடிக் கருமையை மறைக்க அடுக்கடுக்காகக் கன்சீலர் பூசுவதைப் பலரும் செய்கிறார்கள்; நேரமும் போகிறது, கோடுகளில் தேங்கிச் சாம்பல் நிறமும் தட்டுகிறது. அந்தக் கருமையில் பெரும்பாலும் நீலச்சாயல் கலந்திருக்கும். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு என்பதால், ஆரஞ்சுச் சாயல் கொண்ட கரெக்டரை மெல்லிய ஒரு பூச்சாக முதலில் வைத்தால், அதன் மேல் கன்சீலர் ஒரு சிறு துளி போதும். வெளிர் நிறத்தவருக்கு இளஞ்சிவப்பு கலந்த பீச் நிறமும், மாநிறத்துக்கும் அதைவிட ஆழ்ந்த நிறத்துக்கும் நல்ல ஆரஞ்சும் பொருந்தும். ஒரு பொருள் கூடினாலும் நேரம் குறையும் அரிய இடம் இது.

ஐலைனர் கோணலாகிவிடுகிறது, துடைத்துத் துடைத்தே நேரம் போகிறது.

முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைக் கன்னத்தில் பதித்துக்கொண்டால் கை நடுங்காது. கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காமல் சற்றுத் தாழ்த்தி வைத்து, தலையைக் குனியாமல் பார்வையை மட்டும் கீழே விடுங்கள். அப்போது மேலிமை இழுபடாமல் தானே விரியும். இமையை விரலால் இழுத்துப் பிடித்துக் கோடு போட்டால், விட்டதும் சருமம் சுருங்கிக் கோடும் நெளிந்துவிடும். ஒரே இழுப்பில் கோடு போடவும் முயல வேண்டாம். இமைமுடிகளின் வேர்களுக்கு இடையே சிறு புள்ளிகளாக வைத்துவிட்டு அவற்றை இணைத்தால், கோணலாவதற்கே இடம் இல்லை.

அன்றாடத்துக்குத் திரவ ஐலைனரை விட்டுவிட்டு மென்மையான பென்சிலுக்கு மாறுவதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பென்சில் கோட்டை விரல் நுனியாலோ சிறு பிரஷ்ஷாலோ சற்றுத் தேய்த்துவிட்டால் ஓரம் மங்கிவிடும். மங்கிய ஓரத்தில் சிறு கோணல் யார் கண்ணுக்கும் தெரியாது.

மஸ்காரா மேலிமையில் ஒட்டிக்கொள்கிறது. உடனே துடைக்க வேண்டுமா?

உடனே துடைத்தால் பரவும். நன்றாகக் காயவிட்டு, அதற்குள் உதட்டு வேலையை முடித்துக்கொண்டு, பிறகு பஞ்சு நுனிக் குச்சியால் சுரண்டினால் துகளாக உதிர்ந்துவிடும். இமைமுடி சுருட்டும் கருவியை எப்போதும் மஸ்காராவுக்கு முன்பே பயன்படுத்துங்கள். மஸ்காரா போட்ட பின் சுருட்டினால் முடி கருவியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரக்கூடும்.

வீட்டில் சரியாகத் தெரியும் முகம், வெளியில் வந்ததும் வேறு மாதிரித் தெரிகிறதே?

விளக்குதான் காரணம். மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்புச் சாயல் எடுபடாததால் பிளஷ்ஷைக் கூடுதலாகப் போட்டுவிடுகிறோம். தலைக்கு மேலுள்ள விளக்கு கண்ணுக்குக் கீழே நிழல் விழச் செய்வதால், இல்லாத கருமைக்குக் கன்சீலர் பூசுகிறோம். சன்னலை நோக்கி, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி அமர்வதே மிக நல்லது. விடியும் முன் கிளம்புபவர்கள், பகல்வெளிச்ச நிறமுள்ள விளக்கைக் கண்ணாடியின் இரு பக்கங்களிலும் முக உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைப் புருவம் திருத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முகத்தைப் பார்த்தால், எவரும் காணாத குறைகளைத் திருத்திக்கொண்டே இருப்போம்.

ஃபவுண்டேஷன் ஷேட் தேர்ந்தெடுக்கும்போது தாடையோரம் பூசி, சில நிமிடங்கள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சில வகைகள் ஆவியாகும் பகுதி போனதும், சருமத்தின் எண்ணெயோடு கலந்ததும் ஒரு சாயல் கருத்துவிடும்.

பொருள்களை எப்படி அடுக்கி வைத்தால் தேட வேண்டியிருக்காது?

அன்றாடம் பயன்படும் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் தனியாக ஒரு திறந்த தட்டிலோ சிறு பையிலோ, பயன்படுத்தும் வரிசையில் வையுங்கள். மற்றவை எவ்வளவு பிடித்தமானவையாக இருந்தாலும் வேறு பெட்டிக்குப் போகட்டும். ஒரே நிறத்தில் நான்கு லிப்ஸ்டிக் கண்முன் இருந்தால் நான்கையும் பார்த்துத்தான் ஒன்றை எடுப்போம்.

அப்படிப் பிரிக்கும்போதே பழையவற்றைக் களைந்துவிடலாம். திறந்த மூடியுடைய சிறு டப்பாவின் படமும் அதற்குள் 6எம், 12எம் போன்ற எழுத்தும் பல பொருள்களில் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பதை அது குறிக்கிறது. மஸ்காராவைப் பொதுவாக மூன்று மாதங்களில் மாற்றிவிட வேண்டும். கண்ணில் தொற்று வந்திருந்தால், அப்போது பயன்படுத்திய கண் ஒப்பனைப் பொருள்கள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் கழுவ நேரமில்லை. கழுவாவிட்டால் என்ன?

2019இல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருள்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பாக்டீரியா கலந்திருந்ததைக் கண்டார்கள். ஒப்பனை ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படாதவை. ஈரமாகவே இருக்கும் ஸ்பாஞ்ச் நுண்ணுயிர்களுக்கு வாய்ப்பான இடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறை, தலைக்குக் குளிக்கும்போதே அந்த ஷாம்பூவில் பிரஷ்களையும் அலசிவிட்டால் அதற்கெனத் தனி நேரம் வேண்டாம். அலசியதும் படுக்கைவாட்டில் உலர வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் நீர் இறங்கி, முடிகளைப் பிடித்திருக்கும் பசை இளகும். கழுவ முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் ஸ்பாஞ்சை விட்டுவிட்டு விரலுக்கு மாறிவிடுவது நல்லது.

பயணத்தின்போது வண்டியிலேயே போட்டுக்கொள்ளலாமா?

லிப்ஸ்டிக்கும் பவுடரும் போடலாம். ஓடும் வண்டியில் மஸ்காராவும் ஐலைனரும் கூடவே கூடாது. ஒரு குலுக்கலில் கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப் படலம் கீறப்படலாம், கீறலில் தொற்றும் ஏறலாம். வண்டி ஓட்டுபவர் எதையுமே போடக் கூடாது.

காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் வரிசையை மாற்ற வேண்டுமா?

கை கழுவி லென்ஸை அணிந்த பிறகே ஒப்பனையைத் தொடங்க வேண்டும். இரவில் லென்ஸை எடுத்த பிறகே கலைக்க வேண்டும். இமைமுடிக்கு உள்ளே, ஈரமான ஓரத்தில் கண்மை இழுப்பதையும் அவர்கள் தவிர்ப்பது நல்லது.

புருவத்துக்கும் இமைமுடிக்கும் சாயம் ஏற்றிக்கொண்டால் தினசரி வேலை மிச்சமாகுமே?

மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அடர்நிறச் சாயங்களில் பயன்படும் பிபிடி என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. கண்ணருகே அது நேர்ந்தால் ஆபத்து பெரிது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., புருவத்துக்கும் இமைமுடிக்கும் நிலையான சாயமேற்ற எந்த நிறமியையும் நெடுங்காலம் அனுமதிக்காமலே இருந்தது. நாளொன்றுக்கு இரண்டரை நிமிடத்துக்காக இந்த அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இரவில் கலைப்பதையும் விரைவாக முடிக்க முடியுமா?

முடியும், தேய்ப்பதை நிறுத்தினாலே போதும். ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய கண்ணின் மேல் அரை நிமிடம் அப்படியே வைத்திருந்து, பின் ஒருமுறை கீழ்நோக்கி இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். நீர் புகாத மஸ்காராவுக்கு எண்ணெய் கலந்த ரிமூவர் வேண்டும். வெதுவெதுப்பான நீர் பட்டால் இமைமுடியிலிருந்து சிறு சிறு குழல்களாகக் கழன்றுவரும் மஸ்காரா வகையும் இருக்கிறது. அன்றாடத்துக்கு அதுவே வசதி. இரவில் சரியாகக் கலைக்காத முகத்தில் மறுநாள் ஃபவுண்டேஷன் சீராகப் படியாது என்பதால், கலைக்கும் இந்த நேரமும் காலைக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இன்று எழுந்ததே தாமதம். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. எதை மட்டும் செய்யலாம்?

சன்ஸ்கிரீனை முழு அளவில் பூசுங்கள். லிப்ஸ்டிக்கை உதட்டில் ஒற்றி, விரலில் மிஞ்சிய நிறத்தைக் கன்னங்களில் தேயுங்கள். புருவத்தைப் பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவிவிடுங்கள். நேரம் இன்னும் மிஞ்சினால் மேலிமை முடிக்கு மட்டும் ஒரு பூச்சு மஸ்காரா. லிப்ஸ்டிக்கைக் கண்ணிமைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். உதட்டுக்கு ஏற்ற நிறமிகள் சில, கண்ணருகே பயன்படுத்த ஏற்கப்பட்டவை அல்ல.